நுணுக்கம் கூடியதும் செஸ் என்ஜின் ஏன் இழுக்கிறது?

கேள்வி: என் செஸ் என்ஜினில் சிப்பாய்க்கு 100 புள்ளி இருந்தது. துல்லியம் கூடட்டும் என்று அதை 1000 ஆக்கி, சின்னச் சின்ன புதிய அம்சங்களையும் மதிப்பீட்டில் சேர்த்தேன். நொடிக்கு எத்தனை நோடு (என்ஜின் அலசும் ஆட்ட நிலை) என்பது மாறவில்லை, ஆனால் ஆழம் 10-ஐத் தொட, அதாவது பத்து நகர்த்தல் முன்னே பார்க்க, முன்பைவிட நிறைய நோடுகள் ஆகின்றன. ஏன்?

பதில்: வெறுமனே பத்தால் பெருக்கியதால் இது வராது. 23-ம் 23-ம் சமம் என்றால் 230-ம் 230-ம் சமம்தானே. முதலில் மதிப்பீட்டுக்கு வெளியே இருக்கும் எண்களைப் பாருங்கள். ஆஸ்பிரேஷன் விண்டோவை (ஸ்கோர் இதற்குள் வரும் என்று ஊகித்துத் தேடும் இடைவெளி) 25 என்றே விட்டிருந்தால் அது இப்போது கால் சிப்பாய் இல்லை, நாற்பதில் ஒரு பங்கு. ஸ்கோர் அதற்கு வெளியே போகப் போக மறுதேடல்தான். ஃபியூட்டிலிட்டி எல்லையை (இனித் தேறாது என்று நகர்த்தலைத் தேடாமல் விடும் வரம்பு) மாற்ற மறந்திருந்தால் விளைவு நேரெதிர்: நோடு குறையும், ஆட்டம் கெடும்.

அதெல்லாம் சரியாக இருந்தால், வேலையைக் காட்டுவது நீங்கள் சேர்த்த நுணுக்கம்தான். ஆல்பா-பீட்டா தேடல் முறை பிழைப்பதே வெட்டுகளால், அதாவது விடையை மாற்றாத கிளைகளைப் பார்க்காமல் விடுவதால். ஒரு நிலையில் 35 நகர்த்தல் என்று வைத்தால், 6 ஆழத்தில் கடைசி நிலைகள் மட்டும் 183 கோடிக்கு மேல். நல்ல நகர்த்தலை முதலில் பார்க்கும்படி வரிசை கச்சிதமாக அமைந்தால் 85,749 போதும். சம ஸ்கோர் வந்தாலே வெட்டு விழும் என்பது இதில் பெரிய உதவி. முதல் நகர்த்தலுக்கு 230, இரண்டாவதற்கு 234 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அளவில் இரண்டுமே 23, அதனால் பூஜ்ஜிய விண்டோ தேடல் (கையில் இருப்பதைவிட மேலானதா என்று மட்டும் பார்ப்பது) 'இது மேலானது இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இப்போது 234 மேலானதாகத் தெரிவதால் முழு விண்டோவில் மறுபடி தேட வேண்டும், அதுவும் சிப்பாயின் 250-இல் ஒரு பங்குக்காக! உங்கள் மதிப்பீட்டின் பிழையே அதைவிடப் பல மடங்கு இருக்கும். எம்டிடி(எஃப்) என்ற தேடல் முறையைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அடி இன்னும் பலம், ஏனென்றால் அது பூஜ்ஜிய விண்டோ சுற்றுகளாலேயே விடையை நெருங்குகிறது.

சரி, என்ன செய்யலாம்? உள்ளே நுணுக்கமாகவே கூட்டுங்கள், கடைசியில் ஸ்கோரைத் திருப்பி அனுப்பும்போது மட்டும் 32-இன் மடங்காக்கிவிடுங்கள். இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கடைசி பிட்களை (இரும இலக்கங்களை) மாஸ்க் செய்து பூஜ்ஜியமாக்கி அழித்தால் 50 என்பது 32 ஆகும், -50 என்பதோ -64 ஆகிவிடும். நெகாமேக்ஸில் (ஒரு தரப்பின் ஸ்கோரைக் குறி மாற்றி மறுதரப்புக்கு எடுத்துக்கொள்ளும் முறை) ஒரே நிலைக்கு வெள்ளைக்கும் கறுப்புக்கும் இரண்டு விடை! சி மொழியில் 32-ஆல் வகுத்து 32-ஆல் பெருக்கினால் இரு பக்கமும் பூஜ்ஜியத்தை நோக்கியே வெட்டும், இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் 16, 64 என்றும் வைத்துப் பாருங்கள். ரொம்பத் தடியாக்கினால் நல்ல நகர்த்தலும் சுமாரானதும் ஒன்றாகி, என்ஜின் யானையை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருக்கும். நோடு எண்ணிக்கையை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், பழைய பதிப்போடு ஒரே நேரக் கட்டுப்பாட்டில் சில ஆயிரம் ஆட்டங்களாவது ஆடவிடுங்கள்.