டயர்த்தூள் கலந்த மாட்டு மேட் வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, சிமெண்டுத் தரைத் தொழுவத்தில் நாலு கறவை மாடு நிற்கிறது. பழைய டயர்த்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த மேட், ஆறடிக்கு நாலடி, 15 மி.மீ. கனம், சுத்த ரப்பர் மேட்டைவிட மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வாங்கலாம். ஆனால் அறுத்துப் பார்க்காமலும் நிறுத்துப் பார்க்காமலும் பணத்தை எடுக்காதீர்கள்.

டயர் ரப்பர் கந்தகம் சேர்த்து இறுக்கப்பட்டது, மறுபடி உருகாது. மேட்டில் உருகி இறுகியது பிளாஸ்டிக்கான பாலித்தீன்தான். டயர்த்தூள் அதற்குள் பருக்கையாகவே கிடக்கிறது. இரண்டும் லேசில் ஒட்டாது. ஒட்டவைக்க மாலியிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஏற்றிய பாலித்தீனைக் கொஞ்சம் சேர்க்க வேண்டும், தூளையும் 40 மெஷ், அதாவது அரை மில்லிமீட்டருக்குள் அரைக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு பிடிக்கும். மலிவுச் சரக்கில் முதலில் கைவைப்பது இங்கேதான்.

ஓரத்தில் விரலகலக் கீற்று ஒன்றை அறுத்துத் தரச் சொல்லி, முழுக்க மடித்துப் பாருங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் கடலை கழல்வதுபோலப் பருக்கை முழுசாகக் கழன்று வந்தால் ஒட்டு இல்லை. மாட்டுக் குளம்பு பட்டுப் பட்டே உதிர்ந்துவிடும். அதே கீற்றைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பிளாஸ்டிக்தான் அதிகம், சாணி ஈரத்தில் மாடு வழுக்கும்.

இனி எடை. பாதிக்குப் பாதி கலவை என்றால் இந்த அளவு மேட் சுமார் 34 கிலோ வர வேண்டும், சுத்த டயர் ரப்பர் 38 கிலோ. அடியில் வரிப்பள்ளம் இருந்தால் இன்னும் குறையும். 45 கிலோ காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், அது உள்ளே கலந்த சுண்ணாம்புத் தூளின் கனம். அப்படிப்பட்ட மேட் விறைப்பாக இருக்கும், மடித்த இடத்தில் வெடிக்கும்.

சிவப்பு, பச்சை என்று காட்டினால் அது மேல்பூச்சு. டயரில் கார்பன் கரி இருப்பதால் உள்ளே கறுப்புதான். அந்தக் கரிதான் நம்மூர் வெயிலைத் தாங்கவும் வைக்கிறது. ஆனால் சூட்டில் மேட் நீளும். மேட்டுக்கு மேட் ஒரு விரற்கடை இடம் விட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் சித்திரையில் நடுவில் உப்பிக்கொள்ளும்.

கேள்வி: பழைய டயரை நாமே உருக்கி பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்க்க முடியாதா?
– வாசகர், பேட்டை

பதில்: முடியாது. அடுப்பில் வைத்தால் உருகாமல் கருகி நச்சுப் புகைதான் வரும். டயரைத் தூளாக்கி, அதிலுள்ள கம்பியைக் காந்தத்தால் பிரித்து, நூலைச் சலித்து, தூளை ஈரமில்லாமல் உலர்த்தி, 160 முதல் 180 டிகிரியில் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் என்ற, சூட்டில் பிசைந்து தள்ளும் எந்திரத்தில் பாலித்தீனோடு பிசைய வேண்டும். ஈரம் மிஞ்சினால் உள்ளே குமிழி விழும். எந்திரம் இல்லாதவர்கள் டயரைத் தூளாக்கும் ஆலைக்கே விற்றுவிடுவது நல்லது.