கேக்கில் வெண்ணெய்க்குப் பதிலாக எண்ணெய் ஊற்றலாமா? அதே அளவுதானா?

ஊற்றலாம். ஆனால் அதே அளவு கூடாது. அந்தத் தப்பை நான் செய்து பார்த்தாயிற்று. 100 கிராம் வெண்ணெய் கேட்ட செய்முறைக்கு 100 கிராம் கடலை எண்ணெயை அப்படியே ஊற்றினேன், அதுவும் செக்கில் ஆட்டியது. கேக் கருகவில்லை, அமுங்கவில்லை. ஆனால் அடியில் போட்டிருந்த காகிதம் பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி ஆகிவிட்டது. வாசனையும் கிட்டத்தட்ட பஜ்ஜிதான்.

கடையில் வாங்கும் வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு தண்ணீர், கொஞ்சம் பாலின் திடப்பொருள். எண்ணெயோ முழுக்கக் கொழுப்பு. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெய் போதும். அளவுக் கோப்பையில் 85 மில்லி சொச்சம் வரும். போன தண்ணீருக்கு ஈடாக ஒரு மேசைக்கரண்டி பால் விடுங்கள். உப்பு போட்ட வெண்ணெயைச் சொல்லியிருந்தால் ஒரு சிட்டிகை உப்பும்.

அளவைவிட முக்கியமானது அடிக்கிற முறை. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடிக்கச் சொல்வது சும்மா இல்லை. சர்க்கரைப் பரல்கள் வெண்ணெயைக் கிழித்துக் கிழித்துக் காற்றை உள்ளே அடைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே இருக்கும் குமிழைத்தான் ஊத வைக்கிறது. எண்ணெயைக் கை வலிக்க அடித்தாலும் அதில் காற்று நிற்காது. ஆகவே முட்டையையும் சர்க்கரையையும் நன்றாக நுரைத்து வரும்வரை அடித்துவிட்டு, எண்ணெயை நூலாக ஊற்றுங்கள். முட்டை சேர்க்காதவர்கள் தயிரும் சமையல் சோடாவும் போடும் செய்முறையையே எடுத்துக்கொள்வது நல்லது.

இப்படிச் செய்தால் எண்ணெய் கேக் ஒரு விஷயத்தில் வெண்ணெய் கேக்கை ஜெயிக்கும்: ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தாலும் மெத்தென்று இருக்கும். வெண்ணெய் குளிரில் இறுகும், சூரியகாந்தி எண்ணெய் இறுகாது. அவ்வளவுதான்.

எந்த எண்ணெய்? வாசனை இல்லாத சூரியகாந்தி எண்ணெய்தான் என் தேர்வு. நல்லெண்ணெயைப் புளிக்குழம்புக்கும் இட்லிப் பொடிக்கும் விட்டுவிடுவோம். தேங்காய் எண்ணெய் வாழைப்பழக் கேக்கில் அருமையாகச் சேரும். ஆனால் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் தலைக்குத் தடவ பாட்டிலை வெயிலில் வைப்போமே, அதே கதைதான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அதில் ஊற்றினால் மாவு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திரியும். பால், முட்டை எல்லாம் வெளியே எடுத்துவைத்துக் குளிர் போன பிறகே சேருங்கள்.

நெய்யும் அளவில் எண்ணெய் மாதிரிதான், 100க்கு 80. வெனிலா கேக்கில் நெய் வாசனை மேலே ஏறி உட்காரும், எனக்குப் பிடிக்காது. நான்கட்டாய்க்கு மட்டும் நெய்தான், அதுவும் உறைந்த நெய். உருக்கி ஊற்றினால் தட்டில் பரந்து தட்டை ஆகிவிடும். பஃப்ஸுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம். மடிப்புக்கு மடிப்பு கெட்டியான கொழுப்பு இருந்தால்தான் அடுக்கு பிரியும்.

கேக்கைக் கேட்டால் முறுக்குக்குப் போகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இந்த மாற்று வேலை முதலில் நடந்தது அங்கேதான். வெண்ணெய் தீர்ந்துபோனால் அம்மா எண்ணெயைச் சுடச்சுடக் காய்ச்சி மாவில் விட்டுப் பிசறுவார். ஒரு பிடி மாவைக் கையில் அழுத்தினால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதற்கு மேல் ஒரு கரண்டி போனாலும் முறுக்கு வாணலியில் பிரிந்து நுரையோடு மிதக்கும். ஒரு தீபாவளிக்கு நான் பிசைந்த மாவு அப்படித்தான் போயிற்று. அம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னும் இரண்டு கை அரிசி மாவைப் போட்டுப் பிசைந்து காப்பாற்றினார்.

நீங்கள் செய்யப்போவது சாக்லேட் கேக் என்றால் யோசிக்கவே வேண்டாம், எண்ணெய் போதும். கோகோ எல்லா வாசனையையும் மூடிவிடும். மேலே கிரீம் பூசுவதாக இருந்தால் மட்டும் கடைக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்துவிடுங்கள். எண்ணெயில் பட்டர் கிரீம் வராது.