மூக்குக்குள் ஒரு வாயு: நைட்ரிக் ஆக்சைடு கேள்வி பதில்

கோவையில் மயக்க மருத்துவம் பார்க்கிறேன். கொரோனா வார்டில் இந்த வாயுவைக் கையாண்டவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன.

உடுமலை அன்பர்: பல் பிடுங்கும்போது கொடுக்கும் சிரிப்பு வாயுதானுங்களே இது?

இல்லீங்க, அது நைட்ரஸ் ஆக்சைடு. இது நம் ரத்தக்குழாயின் உள்சுவரே சுரப்பது; குழாயைத் தளர்த்தி விரிக்கும். இதைக் கண்டு சொன்ன மூவருக்கு 1998-இல் நோபல் கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிற சார்பிட்ரேட் வேலை செய்வதும் இந்த வாயுவால்தான்.

கோபி ஆசிரியர்: கொரோனாவோடு இதற்கு என்ன சம்பந்தம்?

அந்த உள்சுவரை நோய் கெடுக்கிறது. சுரப்பு குறைகிறது, குழாய் சுருங்குகிறது, ரத்தம் உறையப் பார்க்கிறது. இன்னொன்று, இந்த வாயுவை வெளியிடும் பொருள்கள் வைரஸ் பெருகுவதைத் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்: முதலில் சார்ஸ் வைரஸில், 2020-இல் புதியதிலும். ஆய்வகத் தட்டு வேறு, ஆள் வேறு.

ஈரோட்டுச் சகோதரி: மாமாவுக்கு வென்டிலேட்டரில் இதைக் கொடுத்தார்கள். ஆக்சிஜன் அளவு ஏறியது, ஆனால் மூன்றாம் நாள் போய்விட்டார். எங்கே தப்பு நடந்தது?

நீங்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, அம்மிணி. மூச்சில் போகிற வாயு, காற்று எட்டுகிற இடங்களை மட்டும்தான் தொடும். அங்கே குழாய் விரிந்து ரத்தம் அந்தப் பக்கம் திரும்பும். விளைகிற பாத்திக்கு மடையைத் திறந்துவிடுகிற மாதிரி. அதனால் அளவு ஏறும். நுரையீரலில் கட்டிய நீரையோ வீக்கத்தையோ அது வற்றவைக்காது. கொரோனாவுக்கு முன்பே, நுரையீரல் கடுமையாகச் செயலிழந்தவர்களிடம் செய்த சோதனைகளிலும் இதே கதைதான்: ஆக்சிஜன் கொஞ்ச நேரம் கூடியது, சாவு குறையவில்லை. பச்சைக்குழந்தைக்கு நுரையீரல் ரத்தக்குழாய் திறக்காமலே இருக்கும் நோயில் விஷயம் வேறு. அங்கே குழாய் சுருங்கியிருப்பதே நோய். அதற்காகத்தான் அமெரிக்காவில் 1999-இல் இதை அனுமதித்தார்கள். பெரியவர்களுக்கு இது நேரம் வாங்கித் தரும். அந்த நேரத்துக்குள் நுரையீரல் தேற வேண்டும்.

பல்லடம் மருந்துக்கடைக்காரர்: மூக்கு ஸ்பிரே?

இந்த வாயுவை வெளியிடும் ஸ்பிரேவுக்கு, கிளென்மார்க் என்கிற மருந்து நிறுவனம், கனடாவின் சானோடைஸ் நிறுவனத்தோடு கூட்டாக 2022 பிப்ரவரியில் இங்கே அனுமதி பெற்றது. 306 பேரிடம் சோதித்து, 24 மணி நேரத்தில் வைரஸ் அளவு 94 சதவீதம் குறைந்ததாகச் சொன்னார்கள். மூக்கில் வைரஸ் குறைவது நல்லதுதான். ஆஸ்பத்திரிக்குப் போவது குறைந்ததா என்றுதான் நான் கேட்பேன்; 306 பேரை வைத்து அதைச் சொல்ல முடியாது.

தொண்டாமுத்தூர் விவசாயி: பீட்ரூட் சாறு குடித்தால் இந்த வாயு ஊறுமாமே?

ஊறும். அதிலுள்ள நைட்ரேட்டை நாக்கிலுள்ள பாக்டீரியா மாற்றிக்கொடுக்கும், பிரஷர் சற்றே இறங்கும். கொரோனாவுக்கு மருந்தென்று சொல்ல மாட்டேன். பொரியல் வையுங்கள், போதும்.

திருப்பூர் சாயப்பட்டறைத் தொழிலாளி: பாய்லர் புகையிலும் இது இருக்குதாமே, மோந்தா நல்லதுங்களா?

வேண்டவே வேண்டாம் சாமி! காற்று பட்டதும் அது நைட்ரஜன் டை ஆக்சைடாக மாறி நுரையீரலை அரிக்கும். அளந்து கொடுக்கிற ஆஸ்பத்திரியிலேயே அதற்கென்று தனி மீட்டர் வைத்துக் காவல் இருக்கிறோம்.