டி.சி. வாங்குவதற்கு முன் அந்தக் கல்லைப் பாருங்கள்

மகளின் மேல்படிப்புக்கு யோசனை கேட்டு, அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் முந்திரிக் கொல்லை, அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த மகள் பத்தாம் வகுப்பில் 441 வாங்கியிருக்கிறாள். சிரித்த முகமாக வர வேண்டியவர்கள் எழவு வீட்டுக்கு வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம், சென்னையிலிருக்கும் தாய்மாமன். "இந்தப் பள்ளிக்கூடத்துலயே ப்ளஸ் டூவும் படிச்சா பொண்ணு இங்கயேதான் கெடக்கும்" என்று சொல்லி, வெளி மாவட்டத்தில் விடுதியோடு ஒரு தனியார் பள்ளியைப் பார்த்து, நீட் பயிற்சியும் சேர்த்து வருடத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம் என்று பேசி முடித்துவிட்டார். பத்தாயிரம் முன்பணமும் கட்டியாயிற்று. மீதிக்கு அம்மாவின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகக் காத்திருக்கிறது.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கண்ணே" என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் பள்ளியைப் பற்றி அல்ல, அந்தச் சங்கிலியைப் பற்றி.

மாமா ஒரு விஷயத்தை விசாரிக்கவே இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று 2020-இல் சட்டம் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று அது விரிந்தது. அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஐந்து வருடமாகப் பாப்பா சேர்த்துவைத்த அந்தத் தகுதி, பதினொன்றாம் வகுப்புக்கு டி.சி. வாங்கும் அன்றே போய்விடும். கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அதோடு போகும். மகளை டாக்டராக்க நினைக்கிற மாமாவே அவளுக்கு இருக்கிற நல்ல வழியைக் காசு கொடுத்து அடைக்கிறார். இதை அவரிடம் போனிலேயே சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சரி, இப்போது படிக்கிற அரசுப் பள்ளி மோசமா? 2025 ப்ளஸ் டூ தேர்வில் அரியலூர் மாவட்டம் 98.82 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம். 2024 பத்தாம் வகுப்பிலும் 97.31 சதவீதத்தோடு இதே மாவட்டம்தான் முதல். பத்துக்கு ஒன்பது பேர் கிராமத்தில் வசிக்கிற சின்ன மாவட்டம் இது. ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் மேளம் அடிக்க மாட்டேன். தேர்ச்சி சதவீதம் என்பது முப்பத்தைந்து மார்க் கணக்கு. உங்கள் பிள்ளைக்கு யார் பாடம் எடுப்பார் என்று அது சொல்லாது. அதனால் அப்பாவைப் பள்ளிக்கு அனுப்பி இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன்: எந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை? ஆய்வகத்தைத் திறந்து காட்டுவீர்களா?

மறுநாள் சொன்னார். வேதியியல், உயிரியல், கணிதம் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர்கள். இயற்பியல் இடம் காலி. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மாதம் 18,000 சம்பளத்தில் ஒரு தற்காலிக ஆசிரியை. ஆய்வகத்தில் தராசு மூன்று, ஓடுவது ஒன்று. ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது இல்லையா? இயற்பியலுக்கு மட்டும் ஜெயங்கொண்டத்திலோ அரியலூரிலோ டியூஷன் வையுங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காலியிடத்தைத் தீர்மானமாகப் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். இதற்கு இரண்டு வருடத்துக்கு மூன்றரை லட்சம் தேவையில்லை.

இவ்வளவு பேச்சிலும் பாப்பா வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது டிபன் பாக்ஸிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தாள். நத்தைபோலச் சுருண்டு, வரி வரியாக விளிம்பு கட்டிய கல். "ஓடையில கெடந்துச்சு சார். இது எப்படி இங்க வந்துச்சு?" வீட்டில் இப்படி ஒரு கோணி நிறைய இருக்கிறதாம். குப்பை என்று அம்மா இரண்டு முறை கொட்டிவிட்டாராம்.

அண்ணே, அது அம்மோனைட். அரியலூர் கடலாக இருந்த காலத்து உயிரி. கல்லங்குறிச்சி என்றால் உங்களுக்குப் பெருமாள் கோயில். ஜியாலஜி படித்தவர்களுக்கு அது சுமார் 7 கோடி ஆண்டு பழைய, சிப்பி நிறைந்த சுண்ணாம்புப் பாறையின் பெயர். நம்மூர் சிமென்ட்டே அந்தச் சிப்பிகளிலிருந்துதான். சில்லக்குடி, ஒட்டக்கோவில், கல்லமேடு எல்லாமே பாறை அடுக்குகளின் பெயராகப் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. பிளான்ஃபோர்டு என்கிற வெள்ளைக்காரர் 1860-களிலேயே இந்தப் பாறைகளைப் பற்றி எழுதிவிட்டார்.

பாப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தேடுகிற படிப்புதான் ஜியாலஜி, தமிழில் நிலவியல். பாறைகளையும் பூமியின் அடுக்குகளையும் படிப்பது. வரைபடம் படிக்கிற ஜியாகிரபி அல்ல. இயற்பியல், வேதியியல் உள்ள குரூப் எடுத்தால் போதும். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் பாடம் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. உண்டு. அரசு கலைக் கல்லூரியில் வருடக் கட்டணம் சில ஆயிரங்களைத் தாண்டாது. பி.எஸ்சி. முடித்தபின் 'ஜாம்' தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யிலேயே எம்.எஸ்சி. படிக்கலாம்.

எம்.எஸ்சி.க்குப் பிறகுதான் பெரிய கதவுகள். யு.பி.எஸ்.சி. தனியாக நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு வழியாக, 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனமான ஜி.எஸ்.ஐ.யிலும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் குரூப் ஏ பதவி, தொடக்க அடிப்படைச் சம்பளமே 56,100. இங்கே நம் கனிம வளத் துறையில் உதவி நிலவியலாளர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. பெரிய சுரங்கங்கள் முழுநேர நிலவியலாளரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் வீட்டைச் சுற்றி எத்தனை சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்று எண்ணிப் பாருங்கள்.

சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடப் படிப்பு. யு.பி.எஸ்.சி. இடங்கள் குறைவு, தேர்வு ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படித்த பிள்ளை இப்போதிருந்தே ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். இதில் சமாதானம் கிடையாது.

"பொண்ணு காட்டுலயும் மேட்டுலயும் அலையணுமா?" என்றார் அப்பா. ஆமாம், அலையணும். 2019-லிருந்து நிலத்தடிச் சுரங்கத்தில்கூடத் தொழில்நுட்ப வேலைக்குப் பெண்களை எடுக்கலாம் என்று அரசே ஆணை போட்டிருக்கிறது. முந்திரிக் கொல்லையில் மத்தியான வெயிலில் கொட்டை பொறுக்கும்போது கேட்காத கேள்வியை இப்போது ஏன் கேட்கிறீர்கள்?

ஒருவேளை ப்ளஸ் டூவில் மனசு மாறினால் மாறட்டும். கணிதம்-உயிரியல் குரூப் எடுத்தால் எந்த வழியும் அடைபடாது. இந்த ஞாயிற்றுக்கிழமை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், அந்தக் கல்லையும் எடுத்துக்கொண்டு.

முன்பணம் பத்தாயிரத்தை எழுதிக் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் போனது அந்தப் பத்தாயிரத்தோடு போகட்டும். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும். மாமா கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.