கிளித்தட்டும் அழுகையும்

கேள்வி: ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பேரன் பள்ளி விட்டு வந்ததும் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துத் திடலில் கிளித்தட்டு விளையாடப் போகிறான். கோட்டில் நின்று மறிப்பவர்களிடம் சிக்காமல் கட்டங்களைத் தாண்டி ஓடும் ஆட்டம்தான். பாதி நாள் சண்டை போட்டு அழுதுகொண்டே திரும்புகிறான். விளையாட்டை நிறுத்திவிட்டு டியூஷனில் சேர்க்கலாம் என்கிறான் என் மகன். ராத்திரி நான் அவனோடு பல்லாங்குழி ஆடுகிறேன். அது போதாதா? 68 வயதில் எனக்கும் அதனால் பலன் உண்டா?
- ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: நிறுத்தவே வேண்டாம் அக்கா. அந்தச் சண்டையும் விளையாட்டில் சேர்ந்ததுதான். "கோட்டை மிதிச்சே", "மிதிக்கல்ல" என்று கத்துவார்கள். தீர்த்து வைக்கப் பெரியவர் யாரும் இருக்க மாட்டார். பேசி முடித்தால்தான் அடுத்த ஆட்டம்.

நான் முட்டத்தில் கடற்கரை மணலில் கிளித்தட்டு ஆடி வளர்ந்தவள். அவசரப்பட்டு ஓடி எப்போதும் முதலில் அவுட் ஆவேன். மூத்த அக்கா ஒருத்தி, "காலைப் பாக்காத, மறிக்கிறவ கண்ணைப் பாரு" என்றாள். எழும்பிய காலை அடக்கி, போக்குக் காட்டி, சமயம் பார்த்துப் பாயப் பழக எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் ஆனது. பிறகு உயிரியல் ஆசிரியையாக மூளைப் பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் கிளித்தட்டுக் கட்டம்தான் போடுவேன். அப்படி அடக்கிக்கொள்வது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் வேலை. அது முழுதாக முதிர 25 வயது வரைகூட ஆகும்.

கனடாவில் செர்ஜியோ பெல்லிஸ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் எலிக்குட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். சம வயதுக் குட்டிகளோடு கட்டிப் புரண்டு வளர்ந்தவற்றின் முன்மூளையில் நரம்புக் கிளைகள் கத்தரித்துச் சீராக்கப்பட்டிருந்தன. அவ்வளவாக விளையாடாத பெரிய எலியோடு மட்டும் வளர்ந்த குட்டிகளிடம் அந்த அளவுக்கு இல்லை. எலிக்குக் கண்டதை அப்படியே பிள்ளைக்குச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் 'பல்லாங்குழி போதாதா' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், போதாது என்பதுதான். பாட்டி விட்டுக்கொடுப்பாள், திடலில் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். டியூஷனை விளையாட்டு முடிந்த பிறகு வையுங்கள். ஒரே பையன் தினமும் இவனை அடிக்கிறான் என்றால் மட்டும் நீங்கள் போய்க் கேட்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் கவனித்து 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. தாயம், பல்லாங்குழி போலப் பலகையில் ஆடும் விளையாட்டுகளை அடிக்கடி ஆடியவர்களுக்கு மறதிநோய் குறைவாகவே வந்திருந்தது. விளையாட்டுதான் காப்பாற்றியது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. 2004-இல் ஜெர்மனியில் பந்துகளை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்க 3 மாதம் பழகியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அசைவைக் கவனிக்கும் பகுதி சற்றுப் பெருத்திருந்தது. பழக்கத்தை விட்டதும் மறுபடி குறைந்தது.

அதனால் ஆட்டத்தை விடாதீர்கள், பழகிய ஆட்டத்திலேயே நிற்கவும் வேண்டாம். பல்லாங்குழியில் ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொண்டுதானே ஆடுகிறீர்கள்? இன்று ராத்திரி ஆறு சேர்ந்தால்தான் பசு என்று மாற்றிப் பாருங்கள். உங்களுக்கும் பேரனுக்கும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.