உருப்படியான வண்டி

அன்புள்ள ஐயா,

மிச்சிகனில் ஆன் ஆர்பருக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். கார் தொழிலில் பொறியாளர். சில வருடங்களுக்கு முன் 1968ஆம் வருடத்து பான்டியாக் ஜிடிஓ ஒன்றை வாங்கினேன். 400 கியூபிக் இன்ச் எஞ்சின், நான்கு கியர். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் உள்ளே இல்லை, பானெட்டின் மேலேயே பொருத்தியிருக்கும். இருட்டிய பிறகு அதன் முள் முன்கண்ணாடிக்கு வெளியே தனியாக நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதற்காகவே சும்மா ஒரு சுற்றுப் போய்வருவேன். மழை பெய்தால் மீட்டரின் உள்பக்கம் ஆவி படிந்துவிடும், காயும்வரை காத்திருப்பேன். இப்போது ஒருவர் தன்னுடைய 1972 ஷெவர்லே சி10 பிக்கப்பை நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். செயென் மாடல், அரிசோனாவிலிருந்து வந்தது, துரு இல்லை. பிக்கப் என்றால் தோட்டத்துக்கு உரம் ஏற்றலாம், இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போகலாம், பெட்ரோலும் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும். என் அப்பா விவசாயி. அவர் இருந்திருந்தால் ஜிடிஓவைப் பார்த்து "இது எதுக்குடா ஆகும்?" என்றுதான் கேட்டிருப்பார். ஆடம்பரத்தை விட்டு உழைப்பின் பக்கம் திரும்புவதுபோல ஒரு எண்ணம். மாற்றிக்கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே.,

போன வாரம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் கல்யாணமாகிப் போனபின் சும்மா கிடந்த வீணையை விற்று வாஷிங் மெஷின் வாங்கியதை அவர் ரொம்பத் திருப்தியாகச் சொன்னார். உருப்படியாக ஒன்று வந்தது என்றார். அந்தத் திருப்தி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். பெட்ரோல் ஒரு காரணமே இல்லை. கோடையில் மட்டும் வெளியே எடுக்கும் வண்டி எவ்வளவு குடித்தால் என்ன? அந்தக் காலத்து எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் எதுவும் சிக்கனமாகக் குடித்ததில்லை, பிக்கப்பும்தான். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைப்பது பற்றி எழுதியிருக்கிறீர்கள். 1967 முதல் 1972 வரை வந்த அந்த ஷெவர்லே பிக்கப்களில் பெட்ரோல் டாங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? சீட்டுக்குப் பின்னால், கேபினுக்கு உள்ளேயே இருக்கிறது. பலர் அதை எடுத்துவிட்டுப் பின்பக்கத்தில் அடியில் புது டாங்க் பொருத்திக்கொள்கிறார்கள். இவருடைய வண்டியில் அப்படிச் செய்திருக்கிறதா என்று கேட்காமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பிரேக்கைப் பொறுத்தவரை பிக்கப்தான் மேல், 1971இலிருந்தே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்துவிட்டார்கள், உங்கள் ஜிடிஓவில் அது கூடுதல் காசுக்கு. உரம் ஏற்றுவது இன்னொரு சிக்கல். பழைய வண்டிகளுக்கான தனி இன்சூரன்ஸிலோ மிச்சிகனின் ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட்டிலோ ஓட்டப்போகிறீர்கள் என்றால், அவை கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கிளப் பயணத்துக்கும் கொடுக்கப்படுபவை, மூட்டை சுமப்பதற்கு அல்ல. நம்பர் பிளேட்டுக்கு ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு உண்டு. வருடம் முழுக்க உரம் ஏற்ற வேண்டுமென்றால் சாதாரண பிளேட்டும் சாதாரண இன்சூரன்ஸும் எடுங்கள். அல்லது வாடகைக்கு ஒரு வண்டி பிடித்து ஏற்றிக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு காரைக் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, இனி உங்களைத் திட்டப்போகிறேன்.

"ஆடம்பரத்தை விட்டு உழைப்பின் பக்கம்" என்று எழுதினீர்களே, அதை எங்கிருந்து எடுத்தீர்கள்? கார் தொழிலில் இருக்கிறீர்கள், அந்தக் கார் பிறந்த பான்டியாக் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் குடியிருக்கிறீர்கள், ஜிடிஓ யாருக்காகச் செய்யப்பட்ட வண்டி என்று உங்களுக்குத் தெரியாதா? 1963இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் பந்தயத்தில் ஈடுபடக்கூடாது என்று தடை போட்டது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கியூபிக் இன்ச்சுக்கு மேல் எஞ்சின் வைக்கக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. அதன் பிரிவுகளில் ஒன்றான பான்டியாக்கில் ஜான் டிலோரியனும் அவரோடு இருந்த பொறியாளர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்றால்தான் மேலிடத்து ஒப்புதல் வேண்டும், இருக்கிற மாடலுக்குக் கூடுதல் வசதித் தொகுப்பு என்றால் வேண்டாம். டெம்பஸ்ட் என்ற சாதாரணக் குடும்பக் காரில் பெரிய கார்களுக்கான 389 எஞ்சினை வைத்து, சுமார் 300 டாலர் கூடுதல் என்று 1964க்கு வெளியே விட்டார்கள். விற்பனைப் பிரிவுக்காரர் நம்பிக்கையில்லாமல் 5,000 வண்டிக்குத்தான் சம்மதித்தார். அந்த வருடமே 32,000க்கு மேல் விற்றது, உங்கள் 1968 மாடல் 87,000க்கு மேல்.

இவ்வளவையும் வாங்கியது பணக்காரர்கள் இல்லை. பணக்காரன் வாங்குவதற்கு வேறு கார்கள் இருந்தன. ஜிடிஓவை வாங்கியவர்களில் பெரும்பகுதி இளைஞர்கள், அதில் எத்தனையோ பேர் பான்டியாக்கிலும் ஃபிளின்ட்டிலும் அசெம்பிளி லைனில் நின்றவர்கள், மாதத் தவணையில் எடுத்தவர்கள். அந்தச் சம்பளமும் யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. 1936 டிசம்பரில் ஃபிளின்ட்டில் தொழிற்சாலைக்குள்ளேயே உட்கார்ந்து 44 நாள் போராடித் தொழிற்சங்கத்தை ஒப்புக்கொள்ளவைத்தார்கள், அதிலிருந்து ஒப்பந்தம் ஒப்பந்தமாக ஏறி வந்த கூலி அது. 1970இல் மறுபடி ஜெனரல் மோட்டார்ஸில் சுமார் நான்கு லட்சம் பேர் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உங்கள் காரின் கதவை மாட்டியவரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று ஒரே போல்ட்டை முடுக்கியவன், சாயங்காலம் தனக்கென்று ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் போனான். இதையா ஆடம்பரம் என்கிறீர்கள்?

உட்வர்டுக்கு நானும் போயிருக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கு அங்கே இருந்த நம் நண்பர்கள் கூட்டிப்போனார்கள். 1995இல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது இன்று இவ்வளவு பெரிய திருவிழாவாகிவிட்டது. ராயல் ஓக் பக்கம் சாலையோரத்தில் ஒரு பெரியவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பச்சை நிற ஜிடிஓ, உங்களுடைய வருடம்தான். அந்த வருடம்தான் முன்பக்க பம்பரைக் குரோமில் செய்யாமல், இடித்தால் அமுங்கித் திரும்பி எழும்பும் ரப்பர்போன்ற பொருளில் செய்து காரின் நிறத்திலேயே வண்ணம் அடித்தார்கள். அவருடைய காரில் அந்த மூக்கின் வண்ணம் மட்டும் வெடித்து வலைபோல ஓடியிருந்தது, தகரத்தில் பூசிய வண்ணத்தைவிட ஒரு சாயல் மங்கல். ஏன் மறுபடி அடிக்கவில்லை என்று நண்பர் கேட்டார். தான் வாங்கியபோது அடித்திருந்த வண்ணம் இது, தன் ஷிப்டில் அடித்தது என்றார். முப்பது வருடம் தொழிற்சாலையில் இருந்தவர். விரல் நுனியால் அந்த வெடிப்புகளைத் தடவிக்காட்டினார், இரண்டு விரல்களில் நகமே இல்லை. அவர் பக்கத்தில் நின்று யாராவது ஆடம்பரம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

என் தாய்மாமா சங்ககிரியில் லாரி டிரைவர். பம்பாய் லைன் ஓட்டியவர். போனால் பத்து பதினைந்து நாள் வரமாட்டார். சேர்த்த காசில் ஒரு எஸ்டி மோட்டார் சைக்கிள் வாங்கினார். லாரியிலிருந்து இறங்கிக் குளித்துச் சாப்பிட்டதும், அத்தனை தூரம் ஓட்டிய மனுஷன், தூங்கப்போகாமல் அந்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். என்னை டாங்க்கின் மேல் உட்காரவைத்துக்கொள்வார். எங்கேயும் போகமாட்டோம். பவானி வரை போய் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம், வழியில் அவர் பாடுவார். லாரியில் பாடுவாரா என்று கேட்டேன், லாரியில் எதுக்குடா பாட்டு என்றார். வீட்டில் மொத்தப் பேரும் அவரைக் கரித்துக்கொட்டினார்கள். இதற்குப் போட்ட காசை ஒரு பழைய லாரியில் பங்குக்குப் போட்டிருந்தால் என்ன என்று தாத்தா பார்க்கும்போதெல்லாம் கேட்டார். கடைசியில் மாமா வண்டியை விற்றுப் பங்கு வாங்கினார். லாரி ஓடியது, கடனும் அடைந்தது, ஊரெல்லாம் பையன் உருப்பட்டுவிட்டான் என்றது. அதற்குப் பிறகு அவர் எனக்குத் தெரிந்து காரணமில்லாமல் எங்கேயும் போனதில்லை. கல்யாணத்துக்குப் போனார், துக்கத்துக்குப் போனார், டயர் வாங்கப் போனார். அவர் பாடி நான் கேட்டது அந்த எஸ்டியில்தான்.

உழைக்கிறவனிடம் உழைப்பு மட்டும்தான் மதிப்புள்ளது, அவன் சந்தோஷம் வெட்டிச் செலவு என்று நமக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள், நாமும் அதைப் பண்பாடு மாதிரி பிள்ளைக்குப் பிள்ளை கைமாற்றுகிறோம். உங்கள் அப்பா அப்படிக் கேட்டிருப்பார் என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். ஆனால் விவசாயியை எனக்கும் தெரியும். உழவுக்கு மாடு வைத்திருப்பவன், வண்டி இழுக்காத, ஏர் பூட்டாத ஒரு காளையை வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்து வளர்ப்பான், பொங்கலுக்கு ஒரு நாள் அவிழ்த்துவிடுவதற்கு. அவனிடம் போய் இது எதற்கு ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவை அவ்வளவு சின்னவராக ஆக்காதீர்கள், கே. அவரை ஒருமுறை அதில் உட்காரவைத்துக் கூட்டிப்போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அப்புறம், நீங்கள் உழைப்பின் பக்கம் போவதாகச் சொல்லும் அந்த வண்டி. செயென் என்பது 1971இல் வந்த உயர்ரக மாடல். உள்ளே கார்ப்பெட், நல்ல சீட், கார் மாதிரியே அலங்காரம். பிக்கப்பைப் பண்ணையிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதற்காகவே செய்தது. பின்னால் காயில் ஸ்பிரிங் வைத்ததும் சவாரி மென்மையாக இருக்கத்தான். உண்மையிலேயே உழைத்த சி10களெல்லாம் மிச்சிகன் சாலையில் குளிர்காலத்து உப்பு தின்று எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. இன்று துரு இல்லாமல் அரிசோனாவிலிருந்து வருவது, பெரும்பாலும் உழைக்காமல் பிழைத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அழகான வண்டி, எனக்கும் பிடிக்கும். அழகுக்காக வாங்குங்கள், உங்களைத் தடுக்கமாட்டேன். புண்ணியத்துக்காக வாங்காதீர்கள்.

ஒன்று கவனித்தேன். உங்கள் கடிதத்தில் பானெட்டின் மேல் இருக்கும் மீட்டரைப் பற்றி இரண்டு மூன்று வரி இருக்கிறது, அதன் முள், ஆவி படிவது, காயும்வரை காத்திருப்பது. பிக்கப்பைப் பற்றி எழுதியதெல்லாம் அதில் என்னென்ன ஏற்றலாம் என்பதுதான். அதை ஓட்டிப் பார்த்தீர்களா என்றுகூட எழுதவில்லை. என்ன நிறம் என்றும் இல்லை.

அதனால் முதலில் அவரிடம் சொல்லி ஒரு வாரக்கடைசிக்கு வண்டிகளை மாற்றி ஓட்டிப் பாருங்கள், இன்சூரன்ஸ் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள், நானே சந்தோஷப்படுவேன். அப்படியானால் ஒரு காந்தத்தை எடுத்துப்போய்க் கேபினின் பின்பக்க மூலைகளிலும் கதவுக்குக் கீழே ஓடும் தகரத்திலும் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அரிசோனா என்பதெல்லாம் வாய்ப்பேச்சு. உங்கள் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் காரின் அடையாள எண் 242 என்று தொடங்கினால் அது தொழிற்சாலையிலிருந்தே ஜிடிஓவாக வந்தது. 237 என்றால் லெமான்ஸ் என்ற சாதாரண பான்டியாக் காரை யாரோ பிறகு ஜிடிஓவாக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அந்த எண்ணின் கடைசிப் பகுதி எஞ்சின் மேல் முத்திரையிட்ட எண்ணோடு பொருந்துகிறதா என்றும் பார்த்துவிட்டு, பிறகு நேருக்கு நேரா, மேலே காசு வாங்க வேண்டுமா என்று பேசுங்கள்.

பிக்கப் என்ன நிறம் என்று எழுதுங்கள்.