எழுபத்தெட்டாம் வருஷத்து ரிஜிஸ்டர்

அன்புள்ள ஐயா,

ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் ஒன்பது வருஷமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறேன். எம்.காம். படித்தவன். பேராசிரியர்களுக்கு என் பெயர் தெரியாது, 'செக்‌ஷன் பையன்' என்பார்கள். நீங்களும் இதே வேலையில் முப்பது வருஷம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். "பத்து வருஷம் ஆனால் பர்மனென்ட், இன்னும் ஒரு வருஷம் பொறு" என்கிறார்கள் சீனியர்கள். வீட்டில் குரூப் 4 எழுதச் சொல்கிறார்கள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது என்பதுதான் சங்கடமே. என்ன செய்யட்டும்?

க.

அன்புள்ள க.,

பிடித்திருக்கிறது என்று கூச்சப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. திருத்துகிறவருக்கு யாருடைய தாள் என்று தெரியாதபடி விடைத்தாளின் மேல்பகுதியைக் கிழித்து டம்மி நம்பர் போட்டு, திருத்தி வந்ததும் மறுபடி பதிவெண்ணோடு சேர்ப்போம். கட்டில் நாற்பது தாள் இருக்கவேண்டும், முப்பத்தொன்பதுதான் இருக்கிறது என்றால் அன்றைக்கு யாருக்கும் கடைசி பஸ் கிடையாது. ஒருமுறை அந்த நாற்பதாவது தாள் இன்னொரு தாளின் மடிப்புக்குள் செருகிக்கொண்டு கிடந்தது. கையில் கிடைத்தபோது இரவு பத்தரை. அந்தப் பிள்ளை பாஸா பெயிலா என்று யாரும் பார்க்கவில்லை, டீ சொல்லிவிட்டோம்.

1913ல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. துறைமுகக் குமாஸ்தாவாக அவர் வாங்கிக்கொண்டிருந்தது 30. அவரிடம் பட்டமே இல்லை, விதிப்படி கொடுக்க முடியாது, ஆனாலும் ஆட்சிக்குழு கொடுத்தது. அந்தக் கோப்பில் முதல் குறிப்பு எழுதிய குமாஸ்தா யாராக இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. 'விதியில் இடமில்லை' என்று எழுதிவிட்டு காபி குடிக்கப் போயிருப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

இப்போது அந்தப் பத்து வருஷக் கணக்குக்கு வருகிறேன். 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில், கோர்ட் உத்தரவின் துணையில்லாமல் பத்து வருஷம் முடித்திருந்தவர்களை மட்டும் ஒரே ஒரு தடவை பரிசீலிக்கச் சொன்னது. அலுவலகப் பேச்சில் 'ஒரே ஒரு தடவை' உதிர்ந்துவிட்டது, 'பத்து வருஷம்' தங்கிவிட்டது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம், உமாதேவி தீர்ப்பைக் காட்டி நெடுங்காலம் உழைத்தவர்களை வெளியேற்றக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த நல்லது உங்கள் மேசைக்கு வந்துசேர வழக்கு வேண்டும், வக்கீல் வேண்டும், இன்னும் சில வருஷங்கள் வேண்டும்.

'பொறு' என்று சொல்கிற சீனியர்களைப் பற்றி எனக்குத் தெரியும். நானும் சொன்னவன்.

எங்கள் பிரிவில் ஒரு அண்ணாச்சி இருந்தார். அலுவலக உதவியாளர், தினக்கூலி. மதிப்பெண்கள் பதிந்த பழைய டேபுலேஷன் ரிஜிஸ்டர்கள் இருந்த அறை அவர் பொறுப்பு. வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவரின் பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. 1978ல் முடித்தவர். கம்ப்யூட்டரில் அவ்வளவு பழசு ஏறியிருக்கவில்லை. அண்ணாச்சி உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில், காய்ந்த வேப்பிலையைத் தட்டிவிட்டபடி ரிஜிஸ்டரோடு வந்தார். பட்டியல் கிடையாது, எல்லாம் அவர் தலைக்குள்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் "இந்த வருஷம் உங்களுக்கு ஆர்டர் வந்துரும் அண்ணாச்சி" என்பேன். சிரிப்பார். பத்தொன்பது வருஷம் கழித்து ஒரு சால்வை போட்டு அனுப்பிவைத்தோம். அடுத்த மாதமே வேறொரு பழைய ரிஜிஸ்டரைத் தேடவேண்டி வந்தது. பதினோரு நாள் ஆயிற்று. தேடிய நாலு பேருமே நிரந்தரப் பணியாளர்கள். அதில் நான் ஒருவன்.

நான் சொன்ன அந்தத் தீபாவளி வார்த்தை இல்லையென்றால் அவர் முன்பே கிளம்பிப் போயிருப்பாரோ என்று இப்போது தோன்றுகிறது. அதனால் உங்களிடம் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குரூப் 4 எழுதுங்கள். மொத்தம் 200 கேள்வி, அதில் பாதி தமிழ். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வுதானே என்று எம்.காம்.காரருக்கு ஒரு அலட்சியம் வரும், அது வேண்டாம். தேர்ச்சி பெற்று ஏதோ ஒரு தாலுகா ஆபீசுக்குப் போனால், டம்மி நம்பரை நினைத்துக் கொஞ்ச நாள் ஏங்குவீர்கள். ஏங்கலாம், சம்பளம் வாங்கிக்கொண்டு ஏங்கலாம்.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். முதல் நியமன ஆணை, ஆறு மாத நீட்டிப்பு ஆணைகள், நடுவில் ஒரு நாள் வேலையிலிருந்து நிறுத்தி பிரேக் கொடுத்திருந்தால் அதற்கான தாள், சம்பளம் ஏறிய வங்கிப் பக்கங்கள், எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். அண்ணாச்சி கடைசியில் வக்கீலிடம் போனபோது, பத்தொன்பது வருஷம் வேலை பார்த்ததற்கு அவரிடம் ஒரு தாள்கூட இல்லை.

நகல் எடுப்பதைச் செக்‌ஷன் மெஷினில் வைத்துக்கொள்ள வேண்டாம். கேட்டுக்கு வெளியே கடை இருக்கும்.